ரேஸ் போட்டோவுக்கு கேமரா வாங்கப் போறீங்களா? முதல்ல தூரத்தை அளங்க

2025 ஜனவரியில துபாய் 24 மணி நேர ரேஸ்ல அஜித்தோட டீம் தன் பிரிவுல மூணாவது இடம் வாங்கினதுலேர்ந்து நம்ம பக்கத்துப் பசங்களுக்கு ரேஸ் மேல ஒரு தனி கிறுக்கு வந்துருக்கு. கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டைன்னு எங்க போனாலும் "அண்ணே ரேஸ் போட்டோ எடுக்கணும், எந்த கேமரா வாங்கலாம்"னு யாராவது ஒருத்தர் கேக்குறாங்க. கேக்குறவங்க எல்லாருக்கும் ரேஸ் மட்டுமே வேலையும் கிடையாது, வீட்டுல குழந்தையையும் எடுக்கணும், தாராசுரம் கோயில் சிற்பத்தையும் எடுக்கணும், வடுவூர் ஏரிக்குப் போய் பறவையும் எடுக்கணும், எல்லாத்தையும் ஒரே கேமராவுல முடிக்கணும். நியாயமான ஆசைதான், முடியவும் முடியும். ஆனா பேச்சு ஆரம்பிச்ச உடனே "எத்தனை மெகாபிக்சல்ணே"ன்னுதான் வருது, அங்கதான் தப்பான ரூட்ல போயிடுறோம்.

மெகாபிக்சலை விட்டுருங்க. இன்னிக்கு கடையில இருக்குற எந்த கேமராவை எடுத்தாலும் பெரும்பாலும் 20, 24 இருக்கு, ஏ3 சைஸ்ல பிரிண்ட் போட்டு மாட்ட அதுவே தாராளம். ஓடுற வண்டியை எடுக்கணும்னா வண்டி உங்ககிட்டேர்ந்து எவ்ளோ தூரத்துல போகுது, எவ்ளோ வேகத்துல போகுது, இந்த ரெண்டுதான் கேமராவை முடிவு பண்ணும். ராத்திரி ரேஸ்னா வெளிச்சமும் சேரும், அதுக்கு அப்புறம் வர்றேன்.

தூரத்துக்கு ஒரு சின்ன கணக்கு இருக்கு, இதை மட்டும் மனசுல வச்சுக்கிட்டா கடைக்காரர் என்ன சொன்னாலும் நீங்களே சரிபார்த்துக்கலாம். கேமராவுக்குள்ள படம் பதியுற சென்சாரோட அகலத்தை தூரத்தால பெருக்கி லென்ஸ் மேல போட்டிருக்குற எம்எம் எண்ணால வகுத்தா, ஃப்ரேமுக்குள்ள எத்தனை மீட்டர் அகலம் அடங்கும்னு வந்துரும். நம்ம பட்ஜெட்ல வர்ற கேமரா எல்லாத்துலயும் இருக்குறது ஏபிஎஸ்-சிங்குற சைஸ் சென்சார், அதோட அகலம் நிக்கான், சோனி, ஃபியூஜில 23.5 எம்எம் பக்கம், கேனான்ல 22.3. இப்ப 50 மீட்டர் தள்ளி ஒரு கார் போகுது, காரோட நீளம் 4 மீட்டர்னு வச்சுக்குவோம். கேமராவோட சேர்ந்து வர்ற 18-55 கிட் லென்ஸை முழுசா 55க்கு தள்ளினா ஃப்ரேம்ல 21 மீட்டர் அகலம் தெரியும், கார் அதுல அஞ்சுல ஒரு பங்குதான். அதே இடத்துல 200 எம்எம் போட்டா 6 மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி, கார் முக்கால்வாசிக்குக் கிட்ட நிறைஞ்சு, முன்னாடி கொஞ்சம் இடம் விட்டு, ரொம்ப அழகா உக்காரும். தூரம் 100 மீட்டர் ஆயிடுச்சுன்னா அதே சைஸுக்கு 400 எம்எம் வேணும். அவ்ளோதான் விஷயம், தூரம் ரெண்டு மடங்குன்னா லென்ஸும் ரெண்டு மடங்கு.

போன்ல எடுத்தா என்ன ஆகும்னும் இதே கணக்குல தெரிஞ்சுரும். போனோட மெயின் கேமரா, 36 எம்எம் அகலமுள்ள பெரிய சென்சார், அதாவது ஃபுல் ஃப்ரேம் கணக்குல 26 எம்எம் மாதிரி, 50 மீட்டர்ல 65 மீட்டருக்கு மேல அகலம் அதுல விழும், 12 மெகாபிக்சல் படத்துல கார் 240 பிக்சல் அளவுதான் வரும். அதை ஜூம் பண்ணி பார்த்தா தீத்தி வச்ச மாதிரி இருக்குறதுக்கு போன் மேல குத்தம் சொல்லி பிரயோஜனமில்ல, அந்த வேலைக்கு செஞ்சதே இல்ல அது.

அப்ப நாம எவ்ளோ தூரத்துல நிப்போம்? இருங்காட்டுக்கோட்டையில இருக்குற சர்க்யூட், 1990லேர்ந்து இருக்கு, ஒரு சுத்து 3.7 கிலோமீட்டர், இப்ப மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்னு பேரு. அந்த மாதிரி இடத்துல டிராக்குக்கும் நமக்கும் நடுவுல வண்டி தடம் மாறினா ஓட விடுற ரன்-ஆஃப் இடம், தடுப்பு, வேலின்னு எல்லாம் இருக்கும், டிக்கெட் வாங்கிட்டு பார்வையாளரா நிக்கிறவங்களுக்கு 300 எம்எம் இல்லாம சிரமம், 400 இருந்தா நிம்மதி. கோயம்புத்தூர் செட்டிபாளையத்துல இருக்குற கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு போனாலும் இதே பேச்சுதான். போறதுக்கு முன்னாடி கூகுள் மேப்ல சாட்டிலைட் படத்தைத் திறந்து கேலரி இருக்குற இடத்துக்கும் வளைவுக்கும் நடுவுல தூரத்தை அளந்து பாருங்க, அதுல அளக்குற வசதி இருக்கு, உங்க லென்ஸ் பத்துமா பத்தாதான்னு வீட்டுல உக்காந்தே தெரிஞ்சுரும்.

ஆனா பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் நடக்குற மாட்டுவண்டி எல்லைப் பந்தயத்துக்குப் போறீங்கன்னா கதையே வேற. ரோட்டுலேர்ந்து 15 மீட்டர் தள்ளி வயல்ல நின்னா 55 எம்எம்லயே ஆறரை மீட்டர் அகலம் வந்துரும், மாடும் வண்டியும் சாரதியும் ஒண்ணா அடங்கிடும். அதாவது கிட் லென்ஸே போதும். இதை ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, ரேஸ் போட்டோ பழகறதுக்கு சென்னைக்கு வண்டி ஏறணும்னே அவசியம் இல்ல, நம்ம ஊர்லயே பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு, கரிச்சான்னு பிரிவு பிரிவா விடுவாங்க, எல்லைக் கொடியைச் சுத்திட்டு அதே ரோட்டுல திரும்பி வரும், போறப்ப விட்ட ஷாட்டை வர்றப்ப எடுத்துக்கலாம். இந்த வசதி கார் ரேஸ்ல கிடையாது. ஒண்ணு மட்டும் கவனம், பந்தய வண்டிக்குப் பின்னாடி பைக்ல கூட்டமா வருவாங்க, கண்ணு கேமராவுல இருக்குறப்ப அது தெரியாது, அதனால ரோட்டு ஓரத்துல நிக்காம வயலுக்குள்ள இறங்கி நில்லுங்க, வளைவுல வெளிப்பக்கம் நிக்கவே நிக்காதீங்க.

இப்ப வேகத்துக்கு வருவோம், இங்கதான் கேமராவுக்குக் கேமரா வித்தியாசம் தெரியுது. 150 கிலோமீட்டர் வேகத்துல வர்ற கார் ஒரு வினாடிக்கு கிட்டத்தட்ட 42 மீட்டர் ஓடுது. நீங்க பட்டனை அமுக்கினதுக்கும் ஷட்டர் திறக்குறதுக்கும் நடுவுல வினாடியில இருபதுல ஒரு பங்கு போகுதுன்னு வச்சுக்கிட்டா, அதுக்குள்ள கார் 2 மீட்டர் கிட்ட வந்துடுச்சு. நீங்க ஃபோகஸ் பண்ண இடத்துல இப்ப கார் இல்ல! அதனால ஓடுற வண்டிக்கு ஒரு தடவை ஃபோகஸ் பண்ணி லாக் பண்ற முறை எடுபடாது, தொடர்ந்து ஃபோகஸ் பண்ணிக்கிட்டே இருக்குற முறை வேணும், கேனான்ல அதுக்கு ஏஐ சர்வோன்னு பேரு, புதுசுல சர்வோ ஏஎஃப், நிக்கான், சோனில ஏஎஃப்-சி. ஓடுற பஸ்ஸுல ஏறுறவன் படி இப்ப இருக்குற இடத்துக்கா ஓடுறான், வரப்போற இடத்துக்குத்தானே ஓடுறான், கேமராவும் அதைத்தான் செய்யுது, வண்டி எந்த வேகத்துல கிட்ட வருதுன்னு திரும்பத் திரும்ப அளந்து, ஷட்டர் திறக்குறப்ப எங்க இருக்கும்னு கணிச்சு லென்ஸை நகர்த்துது. இந்தக் கணிப்பை நல்லா பண்ற கேமராவுக்குத்தான் ரேஸ்ல மதிப்பு, மத்ததெல்லாம் ரெண்டாம் பட்சம்.

உள்ள கண்ணாடி இல்லாத புது மிரர்லெஸ் கேமராக்கள்ல வண்டியை அடையாளம் கண்டுபிடிச்சு அதை விடாம பிடிச்சுக்குற வசதி வந்துருச்சு. கேனான்ல இது 2021ல ஆர் 3ல வந்தது, 2022ல வந்த ஆர் 7, ஆர் 10லயும் குடுத்துட்டாங்க, காரையும் பைக்கையும் கண்டுபிடிக்கும், ஸ்பாட் டிடெக்ஷன் போட்டா ஓட்டுறவரோட ஹெல்மெட்டையே பிடிக்கும். சோனி ஏ6700, நிக்கான் இசட் 50 டூ இதுலயும் வண்டிக்கு தனி செட்டிங் இருக்கு. ஆரம்பிக்குறவங்களுக்கு இது உண்மையிலேயே பெரிய உதவி, ஏன்னா புள்ளியை வண்டி மேலயே வச்சுக்கிட்டு கேமராவை திருப்புற பழக்கம் கைக்கு வர கொஞ்ச காலம் ஆகும்.

அடுத்து வினாடிக்கு எத்தனை படம்ங்குறது. கேனான் 1500டி நம்ம ஊர்ல நிறைய பேர்கிட்ட இருக்கு, அது வினாடிக்கு 3 படம், ஃபோகஸ் புள்ளி 9. அதே 150 வேகத்துல ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல கார் 14 மீட்டர் ஓடிடும், வளைவுல சரியான இடத்துல கிடைக்குறது அதிர்ஷ்டம்தான். 10 படம் எடுக்குற கேமரான்னா 4 மீட்டருக்கு ஒண்ணு, ஒரு கார் நீளத்துக்கு ஒரு படம், இது போதுமானது, அதுக்கு மேல போறது ஆரம்பத்துல தேவையே இல்ல. மாட்டுவண்டி 36 கிலோமீட்டர் வேகத்துல போகுதுன்னு வச்சா வினாடிக்கு 10 மீட்டர்தான், அதுக்கு 1500டியே பத்தும். அதனால கையில 1500டி இருக்குறவங்க உடனே விக்க வேண்டாம், ஒரு 55-250 எஸ்டிஎம் லென்ஸ் வாங்கி மாட்டி ஊர்ப் பந்தயத்துல பழகுங்க, அந்த லென்ஸ் விலைக்கு மீறி நல்லா எடுக்கும்.

பர்ஸ்ட்ல, அதாவது பட்டனை அமுக்கிப் பிடிச்சு வரிசையா எடுக்குறப்ப, இன்னொரு சிக்கல் வரும், திடீர்னு கேமரா நின்னுடும். 24 மெகாபிக்சல்ல, சென்சார் பதிஞ்சதை அப்படியே வைக்குற ரா ஃபைல் ஒண்ணு 25, 30 எம்பி இருக்கும், வினாடிக்கு 10ன்னா 250 எம்பிக்கு மேல, சாதாரண யுஎச்எஸ்-ஒன் மெமரி கார்டோட உச்ச வேகமே வினாடிக்கு 104 எம்பிதான், அதனால படம் கார்டுக்குப் போற வரைக்கும் பிடிச்சு வைக்குற பஃபர் நிறைஞ்சு கேமரா மூச்சு வாங்குது. ரேஸுக்கு படத்தைச் சுருக்கி வைக்குற ஜேபெக்ல எடுங்க, இல்லன்னா நல்ல கார்டு வாங்குங்க, ரெண்டையும் விட முக்கியம் பட்டனை சும்மா அமுக்கிப் பிடிக்காம வண்டி சரியான இடத்துக்கு வர்றப்ப மட்டும் அமுக்குறது.

உள்ள கண்ணாடி வச்ச டிஎஸ்எல்ஆரா மிரர்லெஸ்ஸான்னு கேட்டா, புதுசா வாங்குறவங்களுக்கு மிரர்லெஸ், ஏன்னா புது லென்ஸ், புது பாடி எல்லாம் அந்தப் பக்கம்தான் வருது. ஆனா செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்ல ரேஸுக்குன்னே பொறந்த ரெண்டு டிஎஸ்எல்ஆர் இருக்கு, 2014ல வந்த கேனான் 7டி மார்க் டூ, 2016ல வந்த நிக்கான் டி500. ரெண்டும் வினாடிக்கு 10 படம், ரெண்டும் 20 மெகாபிக்சல், ரெண்டும் தூசி தூறல் தாங்குற கட்டமைப்பு, டி500ல 153 ஃபோகஸ் புள்ளி. கண்ணாடி வழியா நேரா பார்க்குறதால படம் தாமதமா தெரியுறதுங்குற பேச்சே இல்ல, விலை குறைஞ்ச மிரர்லெஸ்ல பர்ஸ்ட் அடிக்குறப்ப, கண்ணை வச்சுப் பார்க்குற வ்யூஃபைண்டர்ல படம் விட்டு விட்டு ஓடும், வண்டியைத் தொடர்றது கஷ்டமாயிடும். என்கிட்ட கேட்டா, பட்ஜெட் இறுக்கமா இருக்குறவங்க நல்ல நிலைமையில ஒரு டி500 கிடைச்சா கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்.

வ்யூஃபைண்டரே இல்லாத கேமரா ரேஸுக்கு வேண்டாம். சோனி இசட்வி-ஈ10 வ்லாக் எடுக்க ரொம்ப நல்ல கேமரா, பசங்க அதைத்தான் நிறைய வாங்குறாங்க, ஆனா நம்ம ஊர் மத்தியான வெயில்ல ஸ்க்ரீன்ல ஒண்ணுமே தெரியாது, 400 எம்எம் லென்ஸை மாட்டி கையை நீட்டிப் பிடிச்சுக்கிட்டு ஓடுற வண்டியைத் தேடவும் முடியாது. கேமரா முகத்தோட ஒட்டி, முழங்கை நெஞ்சோட ஒட்டி இருந்தாத்தான் நிலையா நிக்கும்.

எலெக்ட்ரானிக் ஷட்டர் பத்தியும் சொல்லிடணும். ஆர் 7 டப்பாவுல வினாடிக்கு 30 படம்னு பார்த்து சந்தோஷப்படுவீங்க, அது எலெக்ட்ரானிக் ஷட்டர்ல. சாதாரண சென்சார் படத்தை மேலேர்ந்து கீழ வரி வரியா படிக்குது, படிச்சு முடிக்குறதுக்குள்ள வண்டி நகர்ந்துடுறதால சக்கரம் முட்டை மாதிரி சாயும், பின்னாடி இருக்குற கம்பமெல்லாம் சரிஞ்சு நிக்கும். நிக்கான் இசட் 9, சோனி ஏ9 மாதிரி ரொம்ப வேகமா படிக்குற ஸ்டாக்டு சென்சார் இருக்குற கேமராவுல இது ரொம்பக் குறைவு, ஆனா அது நம்ம பட்ஜெட் கிடையாது. ஆர் 7லயும் ஆர் 10லயும் மெக்கானிக்கல் ஷட்டர்லயே 15 படம் வருது, அதையே வச்சுக்குங்க.

ஃபுல் ஃப்ரேம் வாங்கினா இன்னும் நல்லா வருமான்னும் கேப்பாங்க. வெளிச்சம் கம்மியான இடத்துல வரும், ஆனா பகல் ரேஸுக்கு ஏபிஎஸ்-சிதான் லாபம். ஃபுல் ஃப்ரேம் சென்சாரோட அகலம் 36 எம்எம், மேல சொன்ன கணக்குல போட்டா அதே 400 எம்எம்ல ஒன்றரை மடங்கு அகலம் தெரியும், வண்டி சின்னதாத் தெரியும். அதை வெட்டி எடுத்தா 24 மெகாபிக்சல்ல 10, 11தான் மிச்சம். அதை ஈடுகட்ட 600 எம்எம் லென்ஸ் வாங்கணும், அதுக்கு ஆகுற காசும் தூக்குற பாரமும் ஹாபிக்கு எடுக்குறவங்களுக்கு ஏன்?

லென்ஸுக்கு காசை ஒதுக்குங்க, நூறு ரூபா இருந்தா பாடிக்கு நாப்பது, லென்ஸுக்கு அறுபதுன்னு பிரிங்க. கேனான் ஆர் 10 கூட ஆர்எஃப் 100-400, இது 635 கிராம்தான், நாள் முழுக்கத் தூக்கலாம், ஆனா 400ல எஃப் 8தான், எஃப் எண் கூடக் கூட உள்ள வர்ற வெளிச்சம் குறையும், அதனால சாயங்காலம் ஆனா திணறும். சோனின்னா ஏ6400 கூட 70-350. நிக்கான் டி500ன்னா 200-500 எஃப் 5.6, இது கனம், மோனோபாட்ங்குற ஒத்தைக் கால் ஸ்டாண்ட் இல்லாம வேண்டாம். இந்த மூணு ஜோடியும் அப்படியே வடுவூருக்கும் உதயமார்த்தாண்டபுரத்துக்கும் கோடியக்கரைக்கும் பறவை எடுக்கவும் ஆகும், அதனால ரேஸுக்குன்னு தனியா செலவு பண்ண மாதிரி இருக்காது. வீடு, கோயில், திருவிழாவுக்கு ஒரு 35 இல்லன்னா 50 எம்எம் எஃப் 1.8 சேர்த்துக்குங்க. கிட் லென்ஸோட எஃப் 5.6ஐ விட கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சத்தை அது உள்ள விடும், கோயில் பிரகாரத்து மங்கல்ல ஃப்ளாஷ் போடாம எடுக்க அதுதான் கை குடுக்கும்.

கேமரா வாங்கியாச்சுன்னா எல்லாரும் பண்றது ஷட்டர் வேகத்தை வினாடியில 1/2000க்கு ஏத்தி எடுக்குறது. படம் பளிச்சுன்னு வரும், ஆனா சக்கரத்தோட ஆரக்கால் ஒண்ணு ஒண்ணா எண்ணலாம், வண்டி நிறுத்தி வச்ச மாதிரி இருக்கும். வேகம் தெரியணும்னா பேனிங் பண்ணணும், ஷட்டரை 1/125க்கு இறக்கி, வண்டியோடயே கேமராவை திருப்பி, திருப்பிக்கிட்டே அமுக்கணும், அமுக்கின பிறகும் திருப்புறதை நிறுத்தக் கூடாது. கால் விரல் ரெண்டும் நீங்க ஷாட் எடுக்கப் போற இடத்தைப் பார்த்து இருக்கணும், இடுப்புக்கு மேல மட்டும் வண்டி வர்ற பக்கம் திரும்பி காத்திருக்கணும், அப்பத்தான் எடுக்குற நேரத்துல உடம்பு இயல்பா இருக்கும். கை பழகினதும் 1/60க்கு இறங்குங்க, மாட்டுவண்டிக்கு 1/30 கூட அழகு, மாட்டோட முகம் ஷார்ப்பா இருக்க கால் நாலும் பறக்குற மாதிரி வரும். லென்ஸ்ல கை ஆட்டத்தை அடக்குற ஸ்டெபிலைசேஷனுக்கு மோட் 2ன்னு இருந்தா அதைப் போடுங்க, அது மேல கீழ ஆட்டத்தை மட்டும் அடக்கும், பக்கவாட்டுல உங்களைத் தடுக்காது. உச்சி வெயில்ல 1/60 வச்சா வெளிச்சத்துக்கு சென்சார் காட்டுற உணர்வான ஐஎஸ்ஓவை 100க்கு இறக்கினாலும் லென்ஸை எஃப் 16 தாண்டி மூட வேண்டி வரும், படத்தோட கூர்மை குறையும், ஒரு போலரைசர் ஃபில்டர் போட்டா வெளிச்சம் ஒன்றரை ரெண்டு ஸ்டாப், அதாவது மூணுல, நாலுல ஒரு பங்கா, குறைஞ்சு சரியாயிடும். அதோட மத்தியானத்துல தார் ரோட்டுலேர்ந்து கானல் கிளம்பும், 400 எம்எம்ல பார்த்தா வண்டி நெளியும், அதை எந்த லென்ஸாலயும் சரி பண்ண முடியாது, காலையிலயும் நாலு மணிக்கு மேலயும் எடுங்க. வேலி குறுக்க நிக்குதுன்னா லென்ஸை வேலியை ஒட்டி வச்சு, லென்ஸுக்குள்ள வெளிச்சம் நுழையுற துவாரமான அபர்ச்சரை முழுசா திறங்க, கம்பி கரைஞ்சு போயிடும்.

ராத்திரி ரேஸ் தனி விஷயம். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1ல சென்னை தீவுத்திடலைச் சுத்தி மூன்றரை கிலோமீட்டர் ரோட்டுல விளக்கு போட்டு நடத்தினாங்களே, அந்த மாதிரி இடத்துல எஃப் 8 லென்ஸ் கைவிட்டுடும், 70-200 எஃப் 2.8 வேணும், ஒரு கிலோவுக்கு மேல கனமும் பெரிய விலையும். அதை வாங்காதீங்க, வாடகைக்கு எடுங்க. கல்யாணம் எடுக்குற போட்டோகிராபர் யாரையாவது கேட்டா லென்ஸ் எங்க வாடகைக்குக் கிடைக்கும்னு சொல்லுவாங்க. எல்இடி விளக்குல பட்டை பட்டையா விழுந்தா கேமராவுல ஆன்டி-ஃப்ளிக்கர் ஆன் பண்ணிக்குங்க.

செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்க ஷட்டர் எத்தனை தடவை ஓடிருக்குன்னு பாருங்க, டி500க்கும் 7டி மார்க் டூவுக்கும் 2 லட்சம்னு கம்பெனி கணக்கு. லென்ஸை வாங்குறப்ப ரெண்டு பக்க மூடியையும் கழட்டி, அபர்ச்சரைத் திறந்து, பின்னாடிலேர்ந்து போன் டார்ச்சை சாய்வா அடிச்சுப் பாருங்க, உள்ள சிலந்தி வலை மாதிரி நூல் நூலா தெரிஞ்சா அது பங்கஸ்ங்குற பூஞ்சை, எவ்ளோ விலை குறைச்சாலும் வேண்டாம். நம்ம டெல்டாவுல இதுதான் பெரிய எதிரி, ஐப்பசி கார்த்திகை மழையில வீட்டுக்குள்ள ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும், பேக்ல போட்டு பீரோவுல பூட்டி வச்ச லென்ஸ் தை மாசம் எடுக்குறப்ப பூத்துப் போயிருக்கும். டிரை கேபினட் வாங்க முடிஞ்சா வாங்குங்க, இல்லன்னா ரப்பர் வாஷர் வச்ச காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு, உள்ள சிலிக்கா ஜெல், கூட ஒரு சின்ன ஈரப்பத மீட்டர், முள்ளு 40க்கும் 50க்கும் நடுவுல நிக்கணும். ஜெல்லோட நிறம் மாறிடுச்சுன்னா இரும்புச் சட்டியில சிறு தீயில வச்சு பழைய நிறத்துக்கு வர்ற வரைக்கும் வறுத்து, நல்லா ஆற விட்டு திரும்பப் போடுங்க, அந்தச் சட்டியை சமையலுக்கு எடுக்க வேண்டாம்.